அந்த வருஷம் டிஸ்ட்ரிக்டை ஜெயித்தது யார்?

டெக்சாஸ் பள்ளி ஃபுட்பாலின் முதல் அதிகாரபூர்வ மாநிலச் சாம்பியன் யார் என்று கேட்டால் உடனே பதில் கிடைத்துவிடும். 1920-ஆம் வருஷ சீசன். இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டன் ஹைட்ஸ் பள்ளியும் கிளீபர்ன் பள்ளியும் மோதின. கடைசிவரை இரு தரப்பாலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. 0–0. பட்டத்தை இரண்டு பள்ளிகளும் பகிர்ந்துகொண்டன. அடுத்த வருஷம் பிரையன், அதற்கடுத்து வேக்கோ, 1923-இல் அபிலீன், 1924-இல் டாலஸ் ஓக் கிளிஃப். நூறு வருஷத்துக்கும் மேலான பட்டியல், வருஷத்துக்கு ஒரு வரியாக ஒழுங்காக இருக்கிறது.

ஒரு படி கீழே இறங்கிக் கேட்டுப் பாருங்கள். அதே 1923-இல் மாநிலத்தின் மற்ற டிஸ்ட்ரிக்டுகளை ஜெயித்தது யார்? எந்தெந்த ஆட்டத்தில், யாரைத் தோற்கடித்து? பெரிய ஊர் என்றால் யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள். சின்ன ஊர் என்றால் அநேகமாகப் பதில் இருக்காது. இருந்தாலும் இரண்டு ஊர்கள் இரண்டு பதில் சொல்லும்.

இந்தக் கேள்வியோடுதான் நான் சில வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. இது நம்மூர்க் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, மோதி, விழுந்து எழுந்து முன்னேறும் அமெரிக்க ஆட்டம். டெக்சாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி ஃபுட்பால் நடக்கும்போது பல சின்ன ஊர்களில் கடைத்தெருவே காலியாக இருக்கும். இதையெல்லாம் நடத்துவது ஆஸ்டினில் இருக்கும் யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், சுருக்கமாக யூஐஎல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிழலில் 1910-இல் மாணவர் விவாதப் போட்டிகளுக்காகத் தொடங்கிய அமைப்பு. 1913-இல் பள்ளி விளையாட்டுச் சங்கத்தோடு இணைந்து இப்போதைய பெயருக்கு வந்தது. ஃபுட்பாலில் மாநிலப் பட்டத்தை அதிகாரபூர்வமாகத் தரத் தொடங்கியது 1920-இல்தான். அதற்கு முன்னால் சாம்பியன் என்று தங்களைத் தாங்களே அறிவித்துக்கொண்ட ஊர்கள் நிறைய உண்டு. ஊர்ப் பத்திரிகை எழுதினால் அதுதான் பட்டம்.

டிஸ்ட்ரிக்ட் என்றவுடன் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வர வேண்டாம். லீக் தன் வசதிக்காக அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பிரிக்கும் குழுதான் டிஸ்ட்ரிக்ட். அதில் முதலாவதாக வரும் பள்ளி பக்கத்து டிஸ்ட்ரிக்டின் முதல் பள்ளியோடு மோதும். அதற்கு பை-டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். அப்படியே படிப்படியாக மேலே போகும். இப்போது பெரும்பாலான பிரிவுகளில் ஒரு டிஸ்ட்ரிக்டிலிருந்து நான்கு அணிகள் மேலே போகின்றன. அந்தக் காலத்தில் ஒன்றே ஒன்று. இரண்டாவது இடத்துக்கும் வழி திறந்தது 1980-களில்தான். ஆகவே 1925-இல் ஒரு பையன் அக்டோபர் கடைசியில் பக்கத்து ஊரிடம் தோற்றால், அநேகமாக அவனுடைய சீசன் அங்கேயே முடிந்துவிடும். மாநிலப் பட்டம் எல்லாம் வேக்கோ மாதிரி ஊர்களின் கனவு. மற்ற ஊர்களுக்கு எல்லாமே டிஸ்ட்ரிக்ட் பட்டம்தான்.

நான் இதற்குள் வந்தது மகளால். அவள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். பேண்ட் வாசிக்கும் இடம் ஃபுட்பால் மைதானம் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் நானும் அங்கே. ஸ்கோர்போர்டுக்குக் கீழே ஒரு பெரிய பலகை. டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்கள் என்று போட்டு வருஷங்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். பள்ளியின் வயதோ நூறைத் தாண்டியது. பலகையின் முதல் வருஷம் 1950-களில் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லையா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர். "ஜெயித்திருப்பார்கள். என் அப்பா ஆடின டீம்கூட ஜெயித்ததாகச் சொல்வார். ஆனால் எந்த வருஷம் என்று யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவருடைய அப்பா ஆடிய வருஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அங்கிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டாக விரிந்துகொண்டே போகிறது.

இந்தத் தேடலுக்கு முதல் துணை டென்டனில் இருக்கும் வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி. பழைய ஊர்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். தேடும் வசதியும் உண்டு. ஆனால் 'ஃபுட்பால்' என்று தட்டினால் பாதிதான் வரும். 1920-களின் நிருபர்கள் அந்தச் சொல்லையே பல நாள் எழுதுவதில்லை. அணியை 'இலெவன்' என்பார்கள், ஆட்டத்தை 'கிரிட்' என்பார்கள், பந்தை 'பிக்ஸ்கின்' என்பார்கள். மங்கிய அச்சைக் கம்ப்யூட்டர் படிக்கும்போது 6 என்பது ஜி ஆகிவிடும், பூஜ்யம் ஓ ஆகிவிடும். இரண்டு பத்தி அகலத்துக்குப் போட்ட தலைப்பு நடுவில் பிளந்து, ஒரு பாதி பருத்தி விலைச் செய்தியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் தேடல் பெட்டியை ஓரளவுக்கு மேல் நம்ப முடியாது. செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் கடைசிவரை ஒவ்வொரு இதழாக, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பார்ப்பதுதான் ஒரே வழி.

அப்படிப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் புலப்படும். சீசன் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்தையும் விலாவாரியாக எழுதும் பத்திரிகை, பட்டம் ஜெயித்த ஆட்டத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கும். காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. முக்கியமான ஆட்டங்களை நவம்பர் 11-ஆம் தேதி போர் நிறுத்த நாளிலும், நவம்பர் கடைசி வியாழக்கிழமை நன்றியறிதல் நாளிலும் வைப்பது அப்போதைய வழக்கம். அன்றைக்கு விடுமுறை, கூட்டம் வரும், டிக்கெட் விற்கும். சின்ன ஊர் வாரப் பத்திரிகை அச்சுக்குப் போவதும் வியாழன் அல்லது வெள்ளி. அன்று மதியம் நடந்த ஆட்டம் அந்த இதழில் வராது. அடுத்த வாரம் வருவதற்குள் ஊரில் எல்லோருக்கும் முடிவு மனப்பாடம். நிருபர் பழைய கதையை விட்டுவிட்டு, வரப்போகும் பை-டிஸ்ட்ரிக்ட் ஆட்டத்துக்குப் போய்விடுவார். ஸ்பெஷல் ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பும், டிக்கெட் என்ன விலை, இடது கை எலும்பு விலகிய பையன் ஆடுவானா மாட்டானா என்பதெல்லாம் இருக்கும். அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பது மட்டும் இருக்காது.

அப்போது தோற்ற ஊரின் பத்திரிகைக்குப் போக வேண்டும். தோற்றவர்களுக்கு வேறு செய்தி இல்லை. நடந்ததை ஆற அமர எழுதியிருப்பார்கள், நடுவர் எப்படித் தவறு செய்தார் என்பது உட்பட. எனக்குக் கிடைத்த நல்ல ஆட்ட விவரங்களில் பலவும் தோற்ற ஊர்களிலிருந்து வந்தவைதான்.

இயர்புக், அதாவது பள்ளி ஆண்டு முடிவில் போடும் ஆண்டு மலர், இன்னொரு முக்கியமான ஆதாரம். ஆனால் அதில் ஒரு வருஷக் கணக்கு இடிக்கும். 1927 என்று அட்டையில் போட்ட இயர்புக்கில் இருப்பது 1926 இலையுதிர்கால சீசன். பின்னாளில் ஒருவர் அதைப் பார்த்து, 1927-இல் சாம்பியன் என்று எழுதி வைத்துவிடுவார். அதைப் பார்த்து இன்னொருவர் பலகையில் பெயின்ட் அடித்துவிடுவார். மாநிலப் பட்டியலில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது, பலர் பார்த்துத் திருத்திவிட்டார்கள். டிஸ்ட்ரிக்ட் பட்டியல்களில் இது இன்னும் நிறைய இருக்கிறது.

ஒரு சின்ன ஊர்ப் பள்ளியின் கோப்பை அலமாரியில் பழைய ஃபுட்பால் ஒன்றைப் பார்த்தேன். ஆட்டம் ஜெயித்த பந்தின் மேலேயே வெள்ளை பெயின்டால் ஸ்கோரை எழுதி வைப்பது அக்கால வழக்கம். காற்று இறங்கி, தோல் வெடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே அணியின் பெயர், அதற்குக் கீழே சீசனில் தோற்கடித்த ஊர்களின் பெயர்கள், பக்கத்தில் ஸ்கோர்கள். வருஷம் இருந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. பள்ளி அலுவலகத்தில் யாருக்கும் அது எந்த சீசன் என்று தெரியவில்லை. ஆனால் ஏழு எதிரணிகளின் பெயர் வரிசையாக இருந்ததே, அது போதும். எந்த வருஷத்தில் அந்த ஏழு பேரும் அந்த வரிசையில் வந்தார்கள் என்று பத்திரிகைகளில் பார்த்தால் வருஷம் அகப்பட்டுவிடுகிறது. ஸ்கோரே சில சமயம் காலத்தைக் காட்டும். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பது டச்டவுன். 1912-க்கு முன்னால் ஒரு டச்டவுனுக்கு 5 புள்ளி, அதன் பிறகு 6. பழைய பந்தில் 5–0, 10–0, 11–0 என்று கண்டால், 1912-க்கு முந்தைய ஆட்டமோ என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லா டிஸ்ட்ரிக்டுகளிலும் என் மனம் அதிகம் தங்குவது ஆயில் பெல்ட்டில்தான். மேற்கு டெக்சாஸில் ரேஞ்சர் என்ற ஊரில் 1917 அக்டோபரில் மெக்கிளெஸ்கி நம்பர் 1 கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அதோடு அந்த வட்டாரமே தலைகீழாகிவிட்டது. பருத்தியும் வேர்க்கடலையும் விளைந்த ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடாரம் போட்டார்கள். அடுத்த சில வருஷத்தில் பிரெக்கன்ரிட்ஜிலும் அதே கதை. அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள்தான் 1920-களில் ஆடினார்கள். ரேஞ்சர், ஈஸ்ட்லாண்ட், சிஸ்கோ மூன்றும் ஒரே கவுண்டியில், ஒன்றுக்கொன்று பத்து மைல் தூரத்தில். வடக்கே பிரெக்கன்ரிட்ஜ், மேற்கே அபிலீன், தெற்கே பிரவுன்வுட். இத்தனை பேரும் ஒரே பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள்.

எவ்வளவு கடுமையான டிஸ்ட்ரிக்ட் என்பதற்கு மாநிலப் பட்டியலே சாட்சி. அபிலீன் 1923, 1928, 1931 மூன்று வருஷமும் மாநிலப் பட்டம் வென்றது. 1929-இல் பிரெக்கன்ரிட்ஜ் இறுதி ஆட்டத்தில் போர்ட் ஆர்தரோடு 0–0 என்று முடித்துப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. பீட் ஷாட்வெல் என்ற கோச் 1923-இல் அபிலீனுக்கும், 1929-இல் பிரெக்கன்ரிட்ஜுக்கும், பிறகு 1937-இல் கிழக்கே லாங்வியூவுக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். லாங்வியூவும் எண்ணெய் பொங்கிய வட்டாரம்தான். பள்ளிக்குப் பணம் இருந்த இடத்தில்தான் நல்ல கோச்சும் இருந்தார் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஆயில் பெல்ட்டின் வருஷவாரி டிஸ்ட்ரிக்ட் முடிவுகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தால் தலை சுற்றும். எண்ணெய் வேலை கிடைக்கும் இடத்துக்கெல்லாம் குடும்பங்கள் மாறிக்கொண்டே இருந்தன. பையன் போன வருஷம் ஒரு பள்ளி, இந்த வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளி. அவன் அப்பா நிஜமாகவே வேலைக்காக மாறினாரா, இல்லை, பையன் நன்றாக ஓடுகிறான் என்பதற்காக யாராவது வேலை வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்களா? வயது என்ன? முந்தைய பருவத்தில் பாடங்களில் தேறினானா? இந்தக் கேள்விகளுக்குத் தீர்ப்புச் சொல்ல டிஸ்ட்ரிக்ட் நிர்வாகக் குழு என்று ஒன்று. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் அதே டிஸ்ட்ரிக்டின் பள்ளி அதிகாரிகள். போட்டியிடுகிறவர்களே நீதிபதிகள். ஒரு ஹோட்டல் அறையில் கூடி, ஓட்டெடுத்து, மைதானத்தில் ஜெயித்த ஆட்டத்தைத் தோற்றதாக அறிவிக்க அவர்களால் முடியும். அதற்கு மேல் ஆஸ்டினில் மாநிலக் குழுவிடம் முறையிடலாம்.

அதனால்தான் ஸ்கோர்களை மட்டும் கூட்டிக் கழித்து டிஸ்ட்ரிக்ட் சாம்பியனைச் சொல்ல முடியாது என்கிறேன். மைதானத்தில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்த அணி சாம்பியன் இல்லாமல் போன சீசன்கள் உண்டு. ஒரு ஊரில் இன்றைக்கும் தாத்தாக்கள் 'நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்' என்று சொல்லும் பட்டம், பக்கத்து ஊரின் சுவரில் பித்தளை எழுத்தில் இருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஆட்டத்தைச் சொல்கிறார், இன்னொருவர் தீர்ப்பைச் சொல்கிறார். என் குறிப்பில் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுகிறேன்: களத்தில் யார், காகிதத்தில் யார். இதை ஒன்றாக்கிவிட வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒன்றாக்கினால் ஒரு ஊரின் பையன்கள் காணாமல் போவார்கள்.

சமநிலை ஆட்டங்களும் இதே தொல்லைதான். அப்போது கூடுதல் நேரம் கிடையாது. ப்ளே-ஆஃப்பில், அதாவது டிஸ்ட்ரிக்டுக்கு மேல் தோற்றால் வெளியேறும் ஆட்டங்களில், ஒரு அணி மேலே போயாக வேண்டும் என்பதற்காகப் 'பெனிட்ரேஷன்' கணக்கு வந்தது. எதிரணியின் 20 யார்டு கோட்டை எத்தனை தடவை தாண்டினீர்கள் என்று எண்ணி, அதிகம் தாண்டியவர் ஜெயித்ததாக வைத்துக்கொள்வது. 1932 மாநில இறுதி ஆட்டமே இப்படித்தான் முடிவானது. ஒரு பக்கம் கார்சிகானா. மறுபக்கம் ஃபோர்ட் வொர்த்தின் மேசானிக் ஹோம், அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. ரஸ்டி ரசல் என்ற கோச்சின் கீழ் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பையன்களை வைத்துக்கொண்டு பெரிய பெரிய பள்ளிகளைத் தோற்கடித்து வந்தவர்கள். ஆட்டம் 0–0. பெனிட்ரேஷனில் 3–0 என்று கார்சிகானாவுக்குப் பட்டம் போனது. டிஸ்ட்ரிக்டில் மூன்று அணிகள் சமமாக நின்றால் நாணயம் சுண்டுவார்கள். இது பழைய காலத்தோடு போய்விட்ட வழக்கமும் இல்லை. 1988-இல்கூட மிட்லாண்ட் பக்கத்தில் மூன்று பள்ளிகள் சமமாக நின்று, நள்ளிரவு தாண்டி ஒரு லாரி நிறுத்தத்தில் நாணயம் சுண்டித்தான் மேலே போவது யார் என்று முடிவு செய்தார்கள். நாணயம் சுண்டிய முடிவைப் பத்திரிகை போடும், ஆனால் பட்டம் பகிரப்பட்டதா, போனது ஒருவர் மட்டும்தானா என்பதைத் தெளிவாகச் சொல்லாது. பழைய சீசன்களில் இந்த ஒரு குழப்பம் எவ்வளவோ பலகைகளில் புகுந்திருக்கிறது.

சின்னப் பள்ளிகளின் கதை இன்னும் பாவம். லீக் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையை வைத்து ஏ, பி என்று பிரித்தது. மாநிலப் பட்டம் வரை போகும் பாதை பெரிய பள்ளிகளுக்கு மட்டும்தான். பி பிரிவுக்குப் பாதை நடுவிலேயே முடிந்துவிடும். 1948 வரை மேல் பிரிவைத் தவிர வேறு எந்தப் பிரிவுக்கும் மாநிலப் பட்டமே கிடையாது. ஆறு பேர் ஆடும் ஃபுட்பால் 1930-களின் கடைசியில் டெக்சாஸுக்கு வந்தது, பதினொரு பையன்கள் தேறாத பண்ணை ஊர்களுக்காக. அவர்களுக்கு முதல் மாநிலச் சாம்பியன் கிடைத்தது 1972-இல், ஓ'பிரையன் என்ற ஊருக்கு. அதாவது முப்பது வருஷத்துக்கும் மேல் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் மாநிலப் பட்டியலில் அவர்களுக்கு இடம் இல்லை. அவர்கள் எட்டக்கூடிய உச்சம் டிஸ்ட்ரிக்டும், அதற்கு மேல் ஓரிரு படியும்தான். அதை நாம் பதிந்து வைக்காவிட்டால் அவர்களுக்குப் பதிவே இல்லை. அந்த ஊர்களில் பல இப்போது பள்ளியே இல்லாத ஊர்கள். பஸ் ஏறிப் பத்துப் பதினைந்து மைல் தள்ளி இருக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக்குப் போகிறார்கள். பழைய பள்ளியின் கோப்பைகள் எங்கே போயின என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள்.

இதையெல்லாம்விட என்னை உலுக்குவது கறுப்பினப் பள்ளிகளின் பதிவு. யூஐஎல் சட்டப்படி அந்த லீக் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமானது. கறுப்பினப் பள்ளிகளுக்காக 1920-இல் ஒரு தனி லீக் தொடங்கியது. பிரெய்ரி வியூ கல்லூரியை மையமாகக் கொண்டு நடந்ததால் பின்னாளில் பிரெய்ரி வியூ இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், பிவிஐஎல் என்று அழைக்கப்பட்டது. ஃபுட்பாலில் அவர்கள் மாநிலப் பட்டம் தரத் தொடங்கியது 1940-இல். 1967-இலிருந்து கறுப்பினப் பள்ளிகள் யூஐஎல்லுக்குள் வரத் தொடங்கின, 1970-இல் பிவிஐஎல் முடிந்துபோனது.

அந்த லீக் வளர்த்த ஆட்டக்காரர்களைப் பாருங்கள். டெம்பிள் ஊரின் டன்பார் பள்ளியில் ஆடிய ஜோ கிரீன், லஃப்கின் ஊரின் டன்பார் பள்ளியில் ஆடிய கென் ஹூஸ்டன், ஆஸ்டினின் ஆண்டர்சன் பள்ளியில் ஆடிய டிக் லேன். மூவரும் தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்கள். பியூமான்ட் ஊரின் சார்ல்டன்-பொல்லார்ட் பள்ளியில் வில்லி ரே ஸ்மித் என்ற கோச் தன் சொந்த மகன் பப்பா ஸ்மித்தையே ஆட வைத்துப் பெரிய ஆட்டக்காரராக்கினார். ஹூஸ்டனில் வீட்லி, யேட்ஸ் என்ற இரண்டு பள்ளிகள் நன்றியறிதல் நாளில் மோதும் ஆட்டத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். பள்ளி ஆட்டத்துக்கு! வெள்ளிக்கிழமை இரவில் மைதானம் வெள்ளையர் பள்ளிகளுக்கு. ஆகவே இவர்கள் பல ஊர்களில் புதன், வியாழன் இரவுகளில் ஆடினார்கள்.

இந்த ஆட்டங்களின் டிஸ்ட்ரிக்ட் முடிவுகளை ஊரின் பெரிய பத்திரிகையில் தேடினால் ஏமாற்றம்தான். எழுதினாலும் கடைசிப் பத்தியில் இரண்டு வரி, ஸ்கோர்கூட இல்லாமல். ஹூஸ்டன் இன்ஃபார்மர், டாலஸ் எக்ஸ்பிரஸ், சான் அன்டோனியோ ரெஜிஸ்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளில்தான் விவரம் இருக்கிறது. சான் அன்டோனியோ ரெஜிஸ்டரின் பழைய இதழ்கள் டென்டன் போர்ட்டலில் கிடைக்கின்றன. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது வேறொரு டெக்சாஸே கண்முன் வருகிறது: ஹோம்கமிங் ராணியின் படம், சர்ச்சில் நடக்கும் பாராட்டு விருந்து, வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பிள்ளைகளை எந்தெந்த வீடுகளில் தங்க வைப்பது என்ற ஏற்பாடு. ஹோட்டலில் இடம் தர மாட்டார்கள், அதனால் அந்த ஊர்க் குடும்பங்களே ஆளுக்கு இரண்டு பேரை வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள்.

பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள்தான். கட்டடம் போனது, பெயர் போனது, கோச்சுகள் பலர் வேறு பள்ளிகளில் உதவிக் கோச்சாக இறக்கப்பட்டார்கள். கோப்பைகள் குப்பைக்குப் போன கதையை ஊர் ஊராகக் கேட்கலாம். ஒரு பாட்டி என்னிடம் பேசும்போது, தன் அண்ணன் டீமின் கோப்பையைப் பள்ளியின் பின்புறக் குப்பைத் தொட்டியிலிருந்து ஒருவர் எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்ததாகச் சொன்னார். அவரும் போய்விட்டார், கோப்பை இப்போது யாரிடம் என்று தெரியவில்லை என்றார். "அண்ணன் நாங்கள்தான் டிஸ்ட்ரிக்ட் சாம்பியன் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார். அவர் சொன்ன சீசனை ரெஜிஸ்டரில் தேடினேன். டிசம்பர் முதல் வார இதழில் இருந்தது. அண்ணனின் பெயர் எழுத்துப் பிழையோடு, ஆனால் இருந்தது. பக்கத்தை அச்செடுத்து அனுப்பினேன்.

பெயர்கள் மாறுவதும் தேடுகிறவரைக் கஷ்டப்படுத்தும். 1920 கூட்டுச் சாம்பியன் ஹூஸ்டன் ஹைட்ஸ், பின்னர் ரீகன் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் இருந்து, 2016-இல்தான் மறுபடி ஹைட்ஸ் ஆனது. 1925 இறுதி ஆட்டத்தில் வேக்கோவிடம் தோற்ற டாலஸ் ஃபாரெஸ்ட் அவென்யூ, இப்போது மேடிசன். ஓக் கிளிஃப் இப்போது ஆடம்சன். ஆஸ்டின் ஆண்டர்சனை 1971-இல் மூடி, 1973-இல் அதே பெயரில் நகரின் இன்னொரு மூலையில் வேறொரு பள்ளியைத் திறந்தார்கள். பெயரைப் பார்த்து இரண்டையும் ஒரே பள்ளி என்று எண்ணிச் சேர்த்த பட்டியலைக்கூடப் பார்த்திருக்கிறேன். டிஸ்ட்ரிக்ட் எண்களும் அப்படித்தான். இந்த வருஷம் 2, அடுத்த பிரிப்பில் 3, பிறகு எண்ணோடு ஏ, ஏஏ என்ற எழுத்துகள். எண்ணை விட்டுவிட்டு அந்த வருஷம் கூட இருந்த பள்ளிகளின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

யூஐஎல் தானே ஒரு மாத இதழ் நடத்தியது. நீண்ட காலம் லீக்கை நடத்திய ராய் பெடிசெக்கின் கட்டுரைகள் அதில் வரும். பறவைகளையும் காட்டையும் பற்றிப் பின்னாளில் எழுதிப் பெயர் வாங்கிய அதே பெடிசெக். ஜெயிப்பதற்காகப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் பள்ளியில் பிடித்து வைக்கக் கூடாது, ஊர்க்காரர்களின் சூதாட்டத்துக்கு ஆட்டம் பலியாகக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். டிஸ்ட்ரிக்ட் சாம்பியன் பெயரை இன்ன தேதிக்குள் ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. அனுப்பிய பெயர்கள் அச்சான இதழ் கையில் கிடைத்தால் என் வேலை பாதி முடிந்த மாதிரி. கிடைக்காத வருஷங்களுக்குத்தான் பத்திரிகை, இயர்புக், பெயின்ட் உதிர்ந்த பந்து எல்லாம்.

அந்த மைதானத்துப் பெரியவரின் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஆடிய சீசன் கிடைத்தது. தோற்ற ஊரின் பத்திரிகையில்தான். மழை, சேறு, ஒரே ஒரு டச்டவுன், அதற்குப் பிறகு உதைத்த கூடுதல் புள்ளி தவறியது, 6–0. சாம்பியன் என்ற சொல் அந்தச் செய்தியில் இருக்கிறது. நிர்வாகக் குழு யாருடைய புகாரையும் ஏற்று அதை மாற்றவில்லை என்பதையும் அடுத்த இரண்டு மாத இதழ்களைப் பார்த்து உறுதிசெய்தேன். பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பலகையை அடுத்து எப்போது பெயின்ட் அடிப்பார்களோ, அப்போது சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

டெக்சாஸில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி பழைய பள்ளி என்றால், ஜிம்முக்குப் போகும் வழியில் இருக்கும் கண்ணாடி அலமாரியை ஒரு தடவை நின்று பாருங்கள். மேல் தட்டில் புதுக் கோப்பைகள் பளபளக்கும். அடித்தட்டின் பின் வரிசையைப் பாருங்கள். எழுத்து இருக்கும் பந்து ஏதாவது தென்பட்டால், எல்லாப் பக்கமும் தெரியும்படி போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வருஷம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எதிரணிகளின் பெயர் படிக்க முடிந்தால் போதும். பள்ளி நூலகத்தில் 1950-க்கு முந்தைய இயர்புக் இருந்தால், ஃபுட்பால் பக்கங்களையும் அட்டையையும் சேர்த்து எடுங்கள். உங்கள் ஊரில் டன்பார், கார்வர், வாஷிங்டன், லிங்கன் என்று கறுப்பினப் பள்ளிகளுக்கு வழக்கமாக வைத்த பெயரில் பழைய பள்ளிக் கட்டடம் ஏதாவது இருந்தால், அது இப்போது சமூகக் கூடமாகவோ சர்ச்சாகவோ மாறியிருந்தால், அதன் பழைய மாணவர் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கூடும் நாளை விசாரித்துச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் என்றாலும் வந்துவிடுகிறேன்.